கொரட்டூர் கருங்கோழி வம்சம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் கொரட்டூரில் குடியிருந்தபோது, எதிர்வீட்டுக்காரர் கருங்கோழி வளர்த்தார். தோல், கறி, எலும்பு எல்லாமே கறுப்பு. இழுப்புக்கு நல்லது, வாதத்துக்கு நல்லது என்று ஆவடியிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், சாமியார் பிரசங்கத்தை விட்ட இடத்திலிருந்து இவர் மாதா கோயில் வாசலில் தொடர்வார்.

"அழிஞ்சிகினு கீற வம்சம் நைனா. அத்தக் காப்பாத்தறது புண்ணியம். கலப்படம் பண்றவன் பாவி."

அப்படிக் காப்பாற்றப்பட்ட வம்சம் அவர் வீட்டு மதிலைத் தாண்டியதே இல்லை. அவரிடம் முட்டை வாங்கி அடை வைத்த யாருக்கும் ஒரு குஞ்சுகூடப் பொரிக்கவில்லை. எங்களுக்கும் எல்லாம் கூமுட்டை. போய்க் கேட்டால், எங்கள் அடைக்கோழியின் யோக்கியதையைச் சந்தேகித்தார்.

"இது ராஜவம்சம். கண்ட கோழிகிட்ட பொரிக்காது."

என் மனைவி அதை நம்பி அந்தக் கோழிக்குத் தனியாகக் கம்பு வாங்கிப் போட்டாள்.

பிறகு, அவர் ஊருக்குப் போயிருந்த சமயம் அவருடைய மனைவியிடம் முட்டை வாங்கி வைத்தோம். அத்தனையும் பொரித்தன. செவலை, வெள்ளை, சாம்பல். ஒன்றுக்குக் கழுத்தில் இறகே இல்லை. கறுப்பு மட்டும் இல்லை.

திரும்பி வந்தவர் குஞ்சுகளைக் குனிந்து பார்த்தார்.

"இது எங்க ஊட்டு முட்டையே இல்ல."

பின்னாலேயே வந்த அவர் மனைவி விடவில்லை. "நாந்தான குடுத்தேன்? நீன்னா வெந்நீர்ல முக்கிக் குடுப்ப. எனக்கு ஏது நேரம்? அப்பிடியே குடுத்துட்டேன்."

என் மனைவிதான் கேட்டாள். "இன்னாத்துக்குண்ணே வெந்நீரு?"

அவர் கொஞ்சமும் கூசவில்லை. "வம்சம் கண்டவன் கையில பூந்து கெட்டுடக் கூடாது பாரு."

"அது உங்க ஊட்லயே கெட்டுட்டு கீதேண்ணே!"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு முட்டைக்கு யாரும் வரவில்லை. சீக்கிரமே வான்கோழிக்கு மாறி, அதன் அருமையைப் பேச ஆரம்பித்தார். கிறிஸ்துமஸுக்கு அந்தச் செவலைச் சேவலை அடித்துக் குழம்பு வைத்து, அவர்கள் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினோம். தூக்கைத் திருப்பிக் கொடுக்க வந்த அவர் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்:

"எலும்பக்கூட உடல. நாட்டுக்கோழின்னா இதாண்டின்றாரு."