சேலைகள் போன இடம்

என் அய்யா பழைய சேலை கேட்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் வீட்டில் சந்தேகம் குடிவந்தது. முதுகுளத்தூர் பக்கம் மழையை நம்பிய புஞ்சைக்காடு எங்களுடையது. மிளகாய் ஏமாற்றிவிட்டதால், கொடைக்கானலில் யாரோ கட்டும் விடுதிக்குத் தோட்டம் போடும் வேலைக்குப் போனார் அய்யா. ஊருக்கு வரும்போதெல்லாம், "கிழிஞ்சது, சாயம் போனது எதுன்னாலும் குடு, வேலைக்கு வேணும்" என்று சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு போவார். பெரியம்மாதான் கேட்டாள். "அம்புட்டையும் அங்கன எவ கட்டுறாளாம்?"

அதற்குப் பிறகு அம்மாவுக்கு எல்லாமே தடயமாகத் தெரிந்தது. ஒருநாள் அய்யா கொல்லைப்பக்கம் நின்று போனில் தாழ்ந்த குரலில் பேசியதை நாங்கள் இரண்டு பேருமே கேட்டோம். "மழை வருதாம். நல்லா மூடி வையி, ஒண்ணும் ஆயிறக் கூடாது. நான் வந்துர்றேன்." எனக்கு அங்கே ஒரு தம்பி பிறந்துவிட்டான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். எங்கள் புஞ்சை வரப்பு ஐப்பசி மழையில் உடைந்து மேல்மண் ஓடியபோது, "பாப்போம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தவர் அவர்.

சொல்லாமல் கொள்ளாமல் அம்மா என்னை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். விடுதிக்கு ஏறும் பாதையில் சட்டென்று நின்றாள். வெட்டிய மலைச்சரிவின் அடியில் வரிசையாகக் குச்சி நட்டு, குறுக்கே சேலைகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அம்மாவின் மயில்கழுத்துச் சேலையும் அதில் இருந்தது. அதன் ஓரத்தை மண்ணில் புதைத்திருந்தார்கள். மேலேயிருந்து வந்த செம்மண் தண்ணீர் அதில் முட்டி நின்று, தெளிந்து கசிந்தது.

"மிதிச்சுராதிய, இப்பத்தான் புல்லு முளைக்குது" என்று சத்தம் கொடுத்தபடி இறங்கி வந்தார் அய்யா. எதற்கு வந்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. "மலையை வெட்டிப்புட்டா மழைக்கு மண்ணு நிக்காது. மேல வைக்கோலைப் போட்டு மூடணும், கீழ சேலையைக் கட்டணும். ஒரு பிடி மண்ணு தாண்டலை, பாரு." பிள்ளை பெற்றவர் மாதிரி முகமெல்லாம் பூரிப்பு. அம்மா அப்போதும் நம்பாமல் அவர் தங்கியிருந்த கொட்டகைக்குள் போய்ப் பார்த்தாள். உள்ளே எங்கள் ஊர்ப்பக்கத்து ஆம்பளையாள்கள் இரண்டு பேர்தான் உலை வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"நம்ம வரப்பு?" என்றாள் அம்மா.

"வாரேன், வந்து பாக்குறேன்" என்றார் அய்யா, வைக்கோலைச் சரிசெய்துகொண்டே.

மலை இறங்கும் பஸ்ஸில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "அதான் அங்கன யாருமே இல்லையேம்மா" என்றேன்.

"யாராச்சும் இருந்திருந்தா சண்டை போட்டாவது உங்கய்யாவைக் கூட்டியாந்திருப்பேன்டி" என்றாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சின்னம்மா கிடையாது என்று கண்ணால் பார்த்த பிறகும் அழுகிறவளை என்ன செய்வது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.