எண்ணெய் உறைந்த மார்கழிகள்

இன்று காலை தலைக்கு வைக்கப் போத்தலைச் சரித்தேன். தேங்காய் எண்ணெய் தண்ணீராய் ஓடி வந்தது. மார்கழியிலா! முன்பெல்லாம் இதே எருக்கலம்பிட்டியில் இந்த மாதத்தில் போத்தலை வெயிலில் வைத்து உருக்கினால்தான் ஒரு துளி கிடைக்கும். சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள். "மன்னாரில எங்க குளிர்? கதை விடாதீங்கோ."

கதையல்ல. அந்தக் குளிரால் உத்தியோகம் இழந்தவன் நான்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவனும் நான்தான். அந்தப் படிப்பால் அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை கிடைத்தது. கந்தோர் வளவில் ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கும். விடியலில் அதற்குள் இருக்கும் வெப்பமானியைப் பார்த்து எழுத வேண்டும். "மகன் துரைமாருக்குக் காத்துப் பாக்கிறான்" என்று வாப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நானும் பெரிய மனுசன் போல விளக்குவேன்: முகில் இருந்தால் போர்வை மாதிரிச் சூட்டைப் பிடித்து வைக்கும்; வடக்கிலிருந்து வறண்ட காற்று வந்து வானம் வெளித்தால், மணல் பகலெல்லாம் குடித்த சூடு இரவில் மேலே போய்விடும்.

ஒரு மார்கழியில் அப்படித்தான் வெளித்தது. கழுதைகள் கந்தோர்ச் சுவரோடு ஒட்டி நின்றன. பார்த்ததை எழுதினேன். பெரிய கிளாக்கர் கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னார்: "இது மன்னார் ஐசே, நுவரெலியா இல்ல. கொழும்பில சிரிப்பாங்கள். பாகையைக் கூட்டி எழுதும்."

"ஏலாது ஐயா."

"அப்ப எழுத வேற ஆள் வருவான்."

அன்று மாலை பார்த்தால் பெட்டியைச் சுற்றிக் கட்டியபடி ஒரு பழைய தோணிப்பாய்! பக்கத்தில் பியூன் அந்தோனி அண்ணன், தலைமன்னார் மீனவர் வீட்டுப் பிள்ளை, பல் தெரியச் சிரித்தபடி நின்றார். "வாடைக்கு நாங்கள் இதைத்தான் போர்க்கிறது, தம்பி. இனிப் பெட்டிக்கும் குளிராது, உம்மட வேலையும் போகாது."

கிளாக்கரின் மிரட்டலுக்கு அசையாத நான் அந்த அன்புக்குக் கொஞ்சம் அசைந்தேன். பிறகு பாயை அவிழ்த்தேன்.

"விசரா! அப்ப நீராவது போர்த்துக்கொண்டு போம்" என்று அதை என் தோளில் எறிந்தார். வீட்டு வாசலில் உம்மா மூக்கைச் சுளித்து, "மீனா கொண்டு வந்தாய்?" என்றா.

அடுத்த விடியல் இன்னும் குளிர். அதையும் அப்படியே எழுதினேன். மாதம் முடியுமுன் வேலை போனது.

இப்போது அந்தப் பெட்டி வளவில் இல்லை, அண்ணனும் இல்லை. சில வருடங்களாக மார்கழி இரவுகளில் கிழக்குக் கடலின் ஈரமுகில் வந்து குந்திக்கொள்கிறது, எண்ணெய் உறைவதில்லை. குளிர் திரும்பி வருமோ, தெரியாது. ஆனால் அன்றைய குளிரை நானே சூடாக்கி எழுதியிருந்தால், இன்று அது போய்விட்டதென்று எவர் அறிவார்? எனக்குப் பின் வந்தவர் என் எழுத்தைத் திருத்தியிருக்கலாம். திருத்தட்டும். மனைவி சிரிக்கட்டும். அன்று குளிர்ந்தது. இன்று கேட்டாலும் ஒரு பாகைகூடக் கூட்டமாட்டேன்.