கிளப்புச் சுவரில் ஒட்டிய கண்ணாடி

சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் குழியில் கொட்டித் தண்ணீர் ஊற்றும்போது அது சீறிக்கொண்டு வெந்து நீறுகிற வாடையும், பக்கத்துப் பானையில் கடுக்காயோடு ஊறிக் கிடக்கிற கருப்பட்டித் தண்ணீரின் புளித்த இனிப்பு வாடையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், நான் ஏழாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த கோடையைப் போல இருக்கும் என்றுதான் சொல்வேன். எழுபதுகளின் கடைசியில் வந்த அந்தச் சித்திரையிலும் வைகாசியிலும் எங்கள் ஊரில் அந்த வாடை ஒட்டாத துணியே கிடையாது. பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் என் பாவாடையில் அந்த வாடை அடிக்க, டீச்சர் என்னைக் கிட்டே கூப்பிட்டு, வீட்டில் வெள்ளையடிக்கிறார்களா என்று கேட்டார். இல்லை டீச்சர், நாங்கள் "கிளப்பு" கட்டுகிறோம் என்று பதில் சொன்னபோது எனக்கிருந்த திமிரை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கி, பருத்திக் காட்டுக்குள் நடந்தால் எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே கண்மாய். அதன் கரையோரத்து மேட்டில்தான் அந்தக் கிளப்பு இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் பருத்தி அரவை ஆலை நடத்திய துரைமார்கள் சாயங்காலக் காற்று வாங்கவும், சீட்டாடவும், கண்மாய்க்கு வருகிற வாத்துகளைச் சுடவும் கட்டிக்கொண்ட கட்டடம். நீளமான ஒரு கூடம், தண்ணீரைப் பார்த்தபடி அகலமான வராந்தா, அதிலிருந்து கண்மாய்க்குள் இறங்கும் படிகள், மேலே ஓடு, கீழே கல் பாவிய தரை, அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரர்கள் அந்த வராந்தாவைப் பெருக்கியிருக்கிறார்களே தவிர, அதில் உட்கார்ந்தது கிடையாது. துரைமார்கள் போய், அது யூனியன் ஆபீஸ் பொறுப்புக்கு வந்து, யாரும் எட்டிப் பார்க்காமல் கிடந்து, கடைசியில் மத்தியான வெயிலுக்கு ஆடுகள் ஒதுங்கும் இடமாகிவிட்டது. நாம் உட்காராவிட்டாலும் நம் ஆடுகளாவது உட்கார்ந்தனவே என்று அப்பா சொல்வார்.

அந்தத் தரையின் அருமை கரிசல்காட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். எங்கள் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து ஆட்டுக்கால் உள்ளே போகிற அளவுக்கு வாய் திறந்து கிடக்கும். மழை பெய்தால் உப்பிக்கொண்டு, நடக்கிறவர் காலோடு கிளம்பி வரும். வருஷத்தில் பாதி நாள் ஓட முடியாது, மீதி நாள் நிற்க முடியாது. சமமான ஓர் இடத்தில் நின்று ஒரு விளையாட்டு விளையாட வேண்டுமென்றால் கோவில்பட்டிக்குத்தான் போக வேண்டும். என் அம்மா எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்தில் வளையப்பந்து விளையாடியவள். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே எறிந்து பிடிக்கிற விளையாட்டு. அதன் பிறகு தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கப் போனவள் வளையத்தைக் கையால் தொடவில்லை. கிளப்பு வராந்தாவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அங்கே ஒரு வலை கட்டலாம் என்று சொல்லிக்கொண்டே போவாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியாது. நான்தான் கூட நடந்தேன்.

பங்குனியில் யூனியன் ஆபீஸ் ஓவர்சியர் வந்து கிளப்பைச் சுற்றிப் பார்த்தார். வடக்குச் சுவரில் மேலிருந்து கீழே வரை ஒரு விரிசல். கட்டடம் ஆபத்தானது, இடித்துவிட்டுக் கல்லைக் கண்மாய் மடைக்குப் பயன்படுத்தப் போகிறோம் என்றார். என் அப்பா கோவில்பட்டி ஆலை ஒன்றில் பிட்டர். ரிப்பேர் ஆன எதைப் பார்த்தாலும் கை பரபரக்கும் ஆள். அவர் ஓவர்சியரின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, நாங்களே சரி செய்து தருகிறோம், இடிக்காதீர்கள் என்று கேட்டார். ஓவர்சியர் கெட்டவர் இல்லை. ஐப்பசி மழை முடிந்து வந்து பார்ப்பேன், சுவர் அசையாமல் நின்றால் ஊர் வைத்துக்கொள்ளட்டும், அசைந்தால் மறுபேச்சு இல்லை என்று சொல்லி, அப்பாவிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அது அப்பாவின் கிளப்பு ஆகிவிட்டது. நின்றால் ஊருக்குப் பெருமை, விழுந்தால் அப்பா தலையில்.

ஊர் திரண்டு வந்தது என்பதைத்தான் நான் பெரிதாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பாதி வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள், பாதி ஆடு மாடு வளர்க்கிற குடும்பங்கள். கோயில் கொடையும் கிறிஸ்துமஸும் தவிர மற்றபடி அவரவர் வேலையைப் பார்க்கிறவர்கள். அந்தக் கோடையில் இரண்டு தெருவும் ஒரே சுண்ணாம்புக் குழியைச் சுற்றி நின்றன. ஞானமுத்துக் கொத்தனார் ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் முடிந்ததும் பாட்டுப் புஸ்தகத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கரண்டியோடு நேரே வந்துவிடுவார். பெண்கள் கருப்பட்டியும் கடுக்காயும் இடித்து ஊறப்போட்டார்கள். நாங்கள் ஓடுகளைத் தேய்த்துக் கழுவினோம். உடைந்த ஓடு எத்தனை, நல்ல ஓடு எத்தனை என்று எண்ணச் சொன்னால் நான் நல்லதை மட்டும் இரண்டு தடவை எண்ணுவேன்.

தவறு நடந்தது ஒரு வாரநாளில், கொத்தனார் இல்லாதபோது. வடக்குச் சுவரை ஒட்டித் தரையில் ஒரு வெடிப்பு, கை முழுக்க உள்ளே போகும். எங்கள் பக்கத்தில் மாடு நடக்கிற பாதையில் வெடிப்பு விட்டால் கல்லும் செங்கல் உடைசலும் போட்டு அடைத்துவிடுவது வழக்கம். அதே வழக்கத்தில் அப்பா, இதையும் அடைத்து இறுக்கிவிட்டால் சுவருக்குப் பிடிமானம் என்று சொல்லிவிட்டார். சொன்னதுதான் தாமதம், இருபது பேர் கல் சுமந்தார்கள். கடப்பாறையால் குத்திக் குத்தி இறுக்கினார்கள். அப்போது ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த, ஊருக்கே மதினியான மாடத்தி மதினி நின்று பார்த்தாள்.

"அண்ணாச்சி, மண்ணு வாயத் தொறந்தா அதுவே மூடிக்கிடும். கல்லப் போட்டு அடைக்காதிய" என்றாள். "போன வருசம் எங்க ஆட்டுத் தொட்டிப் பக்கத்துல இப்படித்தான் அடைச்சோம். மழையில மண்ணு உப்பித் தொட்டியவே சாச்சிட்டு."

அப்பா சிரித்தார். ஆட்டுத் தொட்டியும் துரை கட்டின கிளப்பும் ஒன்றா என்று எல்லோரும் சிரித்தார்கள். கிளப்பு கைக்கு வந்தால் ஆடுகளுக்கு நிழல் போய்விடும் என்ற வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன். மதினி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். மேலே மண் போட்டு மூடிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை வந்த கொத்தனாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவர் சுவர் விரிசலில் சுண்ணாம்புக் காரை வைத்துப் பூசி, கை நகம் பட்டால் வழுக்குகிற மாதிரி மெழுகிவிட்டுப் போனார்.

ஆடியில் ஓவர்சியர் இடையில் ஒரு தடவை வந்தார். கட்டடத்தைப் பார்த்து உள்ளுக்குள் அசந்துதான் போனார், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. பையிலிருந்து விரல் அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, பழைய விரிசல் இருந்த இடத்துக்குக் குறுக்கே இரண்டு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டினார். சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும், நான் வரும்போது இது முழுசாக இருக்க வேண்டும் என்று சொன்னார். அதன் பிறகு ஊரே அந்தக் கண்ணாடியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. தண்ணீருக்குப் போகிறவர்கள் பார்த்தார்கள், காட்டுக்குப் போகிறவர்கள் பார்த்தார்கள். நான் பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலையில் அப்பாவோடு நானும் போனேன். கூடத்துக் கதவு நிலையில் இறுகிக்கொண்டு திறக்கவில்லை. சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் போனோம். கண்ணாடி நடுவில் சரியாக இரண்டாகத் தெறித்திருந்தது. அதன் பின்னால், பூசிய காரையைப் பிளந்துகொண்டு, அதே பழைய விரிசல். அப்பா சுவரைப் பார்க்கவில்லை. கீழே குனிந்து நாங்கள் கல் அடைத்த இடத்தைப் பார்த்தார். உப்பிய மண் போக இடமில்லாமல், இறுக்கிய கல்லையும் சேர்த்துச் சுவரின் அடியை நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. அவருக்கு முகம் செத்துப்போனது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நாலு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் காகிதம் சுற்றிய ஒரு துண்டுக் கண்ணாடி, படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் அளவு கொடுத்து வெட்டி வாங்கியது. விரிசலைப் பூசிவிட்டு இதை ஒட்டிவிட்டால் ஓவர்சியருக்கு எங்கே தெரியப் போகிறது என்பது யோசனை. அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணாடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் அதைச் சட்டைப் பைக்குள் போடுவதை நான் பார்த்தேன். அது எனக்கு அப்போது நியாயமாகத்தான் பட்டது. கிளப்பு நிற்க வேண்டும், அவ்வளவுதானே.

அடுப்படியிலிருந்து அம்மா வெளியே வந்தாள். அந்தக் கிளப்பு வேண்டும் என்று எல்லோரையும்விட அதிகம் ஆசைப்பட்டவள் அவள்.

"கண்ணாடிய மாத்திருவிய. நாளைக்கு பிள்ளைக தலையில சுவரு விழுந்தா எதைய மாத்துவிய?"

வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் அப்பா வேலைக்குப் போகவில்லை. தூறலில் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு முதலில் போனது மாடத்தி மதினி வீட்டுக்கு. நான் பின்னாலேயே போனேன். நீ சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்று அவர் சொன்னதும், மதினி ஆட்டுக்குட்டிக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டே, சரி அண்ணாச்சி, மம்பட்டி எங்க வீட்டிலயும் ரெண்டு கெடக்கு என்றாள். பிறகு வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லா வாசலிலும் ஒரே பேச்சுத்தான்.

"நாஞ் சொல்லித்தான் கல்லப் போட்டிய. நாஞ் சொன்னது தப்பு. அம்புட்டையும் தோண்டி எடுக்கணும், வாங்க."

ஊர் கூடி வேலை செய்யக் கூப்பிடுவது சுலபம். செய்த வேலையைப் பாழ் பண்ணக் கூப்பிடுவதற்கு வேறு தைரியம் வேண்டும். என் அப்பா பெரிய படிப்புப் படித்தவரில்லை, பெரிய வேலை பார்த்தவரில்லை. ஆனாலும் அன்று ஒவ்வொரு வாசலிலும் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்ட நின்று "தப்பு" என்று சொன்ன மனிதரின் மகள் நான் என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

எல்லோரும் வந்தார்கள். அடைத்த கல்லையெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர்த்தார்கள். இறுக்கியதைவிட எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நல்லாத்தான் குத்தியிருக்கோம்லே என்று தங்களையே கேலி பண்ணிக்கொண்டார்கள். கொத்தனார் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, பிறகு வழி சொன்னார். சுவரைச் சுற்றி வாய்க்கால் மாதிரி ஆழமாகத் தோண்டி ஓடை மணலைக் கொட்ட வேண்டும். மண் உப்பினால் மணல் விலகி இடம் கொடுக்கும், சுவரை நெட்டாது. ஆனால் மழைக் கரிசலில் வண்டி இறங்காது. ஓடையிலிருந்து கிளப்பு வரைக்கும் கண்மாய்க்கரை மேல் ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவும் நின்றாள். ஓலைக் கடகத்தில் மணல் கை மாறிக் கை மாறி வந்தது. எனக்கு முன்னால் நின்ற மாடத்தி மதினி, ஏட்டி, கீழ சிந்தாம வாங்கு என்று ஒரு நாள் முழுக்க என்னை விரட்டிக்கொண்டே இருந்தாள். என் உள்ளங்கை இரண்டும் ஓலை அறுத்து எரிந்தன. அழவில்லை.

மணல் கொட்டி முடித்து, விரிசலுக்கு மறுபடி காரை வைத்துக் காய்ந்த பிறகு, வாங்கி வைத்திருந்த அந்தக் கண்ணாடியை அப்பா ஒட்டினார். உடைந்த பழைய கண்ணாடியை எடுக்கவில்லை. அதன் பக்கத்திலேயே ஒரு சாண் தள்ளி ஒட்டினார். அதன் பிறகும் இரண்டு மழை பெய்தது. கார்த்திகைக் கடைசியில் ஓவர்சியர் வந்தபோது இரண்டு கண்ணாடியும் அங்கேயே இருந்தன, ஒன்று உடைந்து, ஒன்று முழுசாக. அப்பா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். ஓவர்சியர் வெகு நேரம் மணலைக் காலால் கிளறிப் பார்த்தார். உடைந்ததை மறைத்திருந்தால் இன்றைக்கே இடிக்கச் சொல்லியிருப்பேன் என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு கோடையும் ஒரு மழையும் பார்ப்போம் என்று தவணை கொடுத்தார். அந்தக் கோடையும் போனது, மழையும் போனது. கண்ணாடி உடையவில்லை.

தைப்பொங்கலுக்கு மறுநாள் கிளப்பைத் திறந்தோம். கூடத்தில் கேரம் பலகை, ரேடியோ, பேப்பர். வராந்தாவில் வலை. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்று எறிந்த முதல் வளையம் வலையைத் தாண்டி, வராந்தாவையும் தாண்டி, நேரே கண்மாய்த் தண்ணீருக்குள் போய் விழுந்தது. ஊரே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். நனைந்த வளையத்தை எடுத்து வந்தபோது, கூட்டத்தில் நின்ற மாடத்தி மதினியின் கையில் அதைக் கொடுத்து எதிர்ப்பக்கம் நிற்கச் சொன்னாள்.

இப்போது அந்தக் கண்மாயில் சீமைக் கருவேலம்தான் நிரம்பியிருக்கிறது. என்றைக்காவது தண்ணீர் வந்தாலும் படி வரைக்கும் ஏறுவதில்லை. ரப்பர் வளையம் விளையாடுகிற பெண்கள் இல்லை. கடகம் பின்னுகிறவர்களும் இல்லை. அப்பாவும் அம்மாவும் மதினியும் கொத்தனாரும் போய்விட்டார்கள். கிளப்பு மட்டும் வடக்குச் சுவரோடு நிற்கிறது. போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது, கட்டடத்துக்கு டைல்ஸ் போடுவதற்காக வந்த இளம் பொறியாளர் ஒருவர் சுவரை ஒட்டித் தோண்டிப் பார்த்து, உள்ளே சுத்தமான மணலாக இருப்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டார். கரிசலில் இந்த வேலை தெரிந்து செய்திருக்கிறார்கள், யார் அந்த ஆள் என்று கேட்டார்.

"தெரிஞ்சு செய்யலை சார். முதல்ல கல்லப் போட்டுக் கெடுத்ததும் எங்கப்பாதான், அதைத் தோண்டி எடுத்ததும் எங்கப்பாதான்" என்றேன்.

அவர் முதல் பாதிக்குச் சிரித்தார். நான் இரண்டாம் பாதியைச் சொல்லும்போது தலை நிமிர்ந்து நின்றிருந்தேன்.