தோசைக்கல்லில் வைக்காத பிரதி

நெல்லியடிச் சந்தையடியில் முதன்முதலாகப் போட்டோக் கொப்பி மெசின் கொண்டுவந்து வைத்தவர் என் மாமா, அம்மாவின் தமையன். முன்பு சலூனாக இருந்த கடையை எடுத்திருந்தார். சுவரை அடைத்து நின்ற கண்ணாடியைக் கழற்ற மனம் வராமல் அப்படியே விட்டிருந்தார். மெசின், கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்தது. வந்த மூன்றாம் மாதமே அதன் சூட்டு உருளை செத்துப்போனது. மாமா அசரவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் தோசைக்கல்லை ஏற்றி, பிரதியை அதன்மேல் மல்லாக்க வைத்து எடுத்தார். "சம்பலும் தருவியளோ?" என்று கேட்டுச் சிரித்தவர்களும் பிறகு வரிசையில் நின்றார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. விடுமுறையென்றால் அங்கேதான். மாமா மெசினின் வயிற்றைத் திறந்து காட்டுவார். உள்ளே ஓர் உருளை, மின்சாரம் ஏற்றியது. வெளிச்சம் பட்ட இடத்தில் மின்சாரம் போய்விடும். எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் தங்கும். கறுப்புத் தூளோ பொடி இரும்பு மணிகளோடு உரசி உரசித் தானும் மின்சாரம் பிடித்து, அந்த மணிகளில் தொற்றிக்கொண்டு வரும். எழுத்தைக் கண்டதும் மணியை விட்டுவிட்டு அங்கே தாவும், தலைவாரிய சீப்புக்குக் கடதாசித் துண்டு தாவுவதுபோல. பிறகு உருளையிலிருந்து கடதாசிக்கு. சூடு பட்டால்தான் அங்கே உருகி ஒட்டும். வருகிறவர்களுக்கெல்லாம் இதை ஒப்புவிப்பேன். விளங்கியதாக ஒருவரும் சொன்னதில்லை.

அந்த வருடம்தான் சித்தப்பா வேலைசெய்த கப்பல் காணாமல் போனது. அவர் அதில் ஏறினார் என்பதற்குச் சாட்சியாக அவருடைய கடைசிக் கடிதத்தின் அசலை அனுப்பும்படி கப்பல் முகவர் கேட்டிருந்தார். அவர் மனைவி, என் சின்னம்மாவிடம் இருந்தது அந்த ஒரு கடிதம்தான். தலையணைக்குக் கீழே வைத்திருந்ததைச் சேலைத்தலைப்பில் சுற்றிக்கொண்டு, தனக்கொரு பிரதி எடுத்து வைக்க வந்தார்.

தூள் முடியும் தறுவாய். ஒரேயொரு பிரதிதான் கறுப்பாக விழுந்தது. மாமா அசலை உறையில் போட்டு ஒட்டினார்.

"தபால் பை கட்டப்போறாங்கள். நான் கந்தோருக்கு ஓடிப்போட்டு வாறன். வந்துதான் கல்லில வைக்கவேணும். தொட்டிடாதை பிள்ளை, தூள் சும்மா குந்தியிருக்குது."

சைக்கிள் சத்தம் ஓய்ந்ததும் சின்னம்மா கேட்டார். "ஒருக்கால் தா பிள்ளை. பாத்திட்டுத் தாறன்."

அழுது வீங்கிய அந்த முகத்துக்கு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விளிம்பில் பிடித்துக் கொடுத்தேன்.

"பாக்க மட்டும்தான், சின்னம்மா."

"ஓம்" என்றார். வாசித்தார். முடித்ததும், கோயிலில் பூவை ஒற்றுவதுபோல் இரண்டு கண்ணிலும் ஒற்றினார். பிறகு கன்னத்தோடு அழுத்திக்கொண்டு அப்படியே நின்றார். கையில் எடுத்த புத்தகத்தைக் கண்ணில் ஒற்றாமல் விரிக்காத வீட்டுப் பிள்ளை நான். இருந்தும் இது எனக்குத் தோன்றவில்லையே.

எடுத்தபோது கடதாசியில் புகைப்படலம்போல ஒரு கறுப்பு மட்டும் இருந்தது. எழுத்தெல்லாம் ஈரக் கன்னத்துக்குத் தாவியிருந்தது. கன்னத்தில் ஒட்டியதில் ஓர் எழுத்தும் எனக்கு வாசிக்க வரவில்லை. எல்லாம் இடம்வலம் மாறிக் கிடந்தன.

சின்னம்மா திரும்பிச் சலூன் கண்ணாடிக்குக் கிட்டப் போனார். உதடு அசைந்தது. முகத்து ஊத்தையைப் பார்த்துக் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன்.  துவாயை நனைத்துக்கொண்டு ஓடிவந்து, "நான் துடைச்சு விடுறன், சின்னம்மா" என்றேன். அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே குனிந்து தந்தார். நெற்றி, கண், கன்னம் என்று ஒரு பொட்டும் மிஞ்சாமல் துடைத்தேன்.

மாமா வந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் தபால் கந்தோருக்கு ஓடினார். பை போய்விட்டது. அசல் முகவரிடமிருந்து திரும்பி வரவேயில்லை. சித்தப்பாவும்தான்.

பல வருடங்களுக்குப் பிறகு என் மகள் பரீட்சைக்குப் படித்தபடியே கொப்பியில் முகம்வைத்துத் தூங்கிப்போனாள். எழுந்து முகம் கழுவப் போனவளின் கன்னத்தில் மை. கண்ணாடிக்குள் அந்த எழுத்துகள் நேராகத் தெரிந்தன. நான் நின்ற இடத்திலிருந்தே ஒரு வரியை முழுதாக வாசித்தேன்.

மெசினுக்குள் நடப்பதெல்லாம் தெரிந்த எனக்கு, சின்னம்மா அன்று வாசித்துக்கொண்டு நின்றார் என்பது தெரியவில்லை. வாசித்து முடிக்கவிட்டேனா என்று கேட்க இப்போது அவரும் இல்லை.