கறுப்போ வெள்ளியோ: பிஸ்டல் கடையில் ஒரு வருசம்

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கோ, பஸ்ஸிலும் ரயிலிலும் சத்தமாகச் சொல்ல ஏலாத தொழில் என்னுடையது: வெம்பிளிக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்டல் கடையில் திருத்த வேலை.

பயப்படாதையுங்கோ. உண்மையான கைத்துவக்கை வைத்து விளையாட இந்த நாட்டுச் சட்டம் விடாது. ஆனபடியால் எங்கள் சூட்டுக்காரர் காஸ் அடைத்த பிஸ்டலால் சின்னப் பிளாஸ்டிக் குண்டு சுடுகிறார்கள். பாரத்திலும் பிடியிலும் அசல் மாதிரியேதான். டைமர் 'பீப்' என்றதும் இடுப்பிலிருந்து உருவி, இடம் மாறி மாறி ஓடி, கடதாசி அட்டைகளையும் சின்னத் தகடுகளையும் சுடவேண்டும். எடுத்த புள்ளியை எடுத்த நேரத்தால் பிரித்துத்தான் ஆர் வென்றது என்று பார்ப்பார்கள். ஆறுதலாகச் சுட்டாலும் தோல்வி, அவசரப்பட்டாலும் தோல்வி.

சுடுவதைவிடப் பெரிய கரைச்சல் எந்தப் பிஸ்டலோடு நிற்பது என்பது. நீங்களும் ஒரு ஃபோன் வாங்கப்போய் ரெண்டுக்கு நடுவில் நின்று தவித்த ஆட்கள்தானே, உங்களுக்கு விளங்கும். அதுவும் நான் சொல்லப்போகும் வருசம் எங்கள் சூட்டுக் கழக அணியில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. கோடையில் ஸ்பெயினுக்குப் போகும் அணி. மார்ச்சில் தெரிவுப் போட்டி. அந்த இடத்துக்கு ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் என் மேசைக்கு முன்னால்தான் வந்து நின்றார்கள். அதில் மலர் என்ற பிள்ளைக்கு அது ஆசை மட்டும் இல்லை, கடைசிச் சந்தர்ப்பம். ஏன் என்று சொல்லுறன்.

வேலைக்குச் சேர்ந்த நாள்

முதலில் என் கதையை முடித்துவிடுகிறேன். நான் முன்பு கிங்ஸ்பரியில் காஸ் அடுப்புத் திருத்தினேன். காஸ் எங்கே ஒழுகுகிறது என்பதைச் சத்தத்திலேயே பிடித்துவிடுவேன். கடைக்காரர் பிரையன் வீட்டு அடுப்பைத் திருத்தப் போன இடத்தில், அவர் ஒரு பிஸ்டலின் மகசினை நீட்டினார். குண்டும் காஸும் நிரப்பிப் பிடிக்குள் செருகுகிற பெட்டி அது. காதருகில் வைத்தேன். "அடி வால்வ், இடப்பக்கம்" என்றேன். அடுத்த திங்கள் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

முதல்நாள் மேசையில் அவர் வரிசையாக அடுக்கிய பிஸ்டல்களைப் பார்த்ததும் என் கை பின்னுக்குப் போய்விட்டது. விளையாட்டுச் சாமான் என்று மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. ஒரு துவாயால் எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஒவ்வொன்றாக இழுத்து எடுத்துத்தான் வேலை பார்த்தேன். பின்னேரம் வீட்டுக்குப் போய் மனிசியிடம் வேலை என்னவென்று சொன்னேன். அவ சோற்றுக் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டா: "துவக்குக்குப் பயந்து நாடு விட்டு ஓடி வந்திட்டு, இஞ்சை அதுக்கு எண்ணெய் பூசவோ போறியள்?"

பஸ்காரி

மலருக்கு நாற்பத்துநாலு வயது. மோர்டனில் வீடு, சிவப்பு பஸ் ஓட்டுகிறாள். பூட்டுப் போட்ட பெட்டியை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு லண்டனின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு ரயில் மாறி வருவாள். பெட்டிக்குள் ரெண்டு பிஸ்டல். ஒன்று கறுப்பு, பாரம் குறைவு, பார்த்தால் ஒரு வடிவும் இல்லை. மற்றது வெள்ளி நிறம். முழு உலோகம், கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. ரெண்டும் ஒரே போட்டிப் பிரிவுக்குள் வருகிறவை. ஒரு கிழமை அது, ஒரு கிழமை இது.

முந்திய ரெண்டு வருசமும் அணிக்குள் போக மயிரிழையில் தவறிவிட்டாள். இந்த முறை டிப்போவில் கெஞ்சி மன்றாடிக் கோடை லீவை எழுதி வாங்கியிருந்தாள். "இந்தமுறையும் தவறினால் அடுத்த வருசம் லீவு கேக்க எனக்கு முகம் இல்லை, மாமா" என்றாள். அப்படியென்றால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நில்லேன் பிள்ளை என்றேன். சிரித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு டிப்போவிலை ஒவ்வொரு நாளும் வேற வேற பஸ்தானே தாறாங்கள். கண்ணாடியைத் திருப்பி, சீற்றை ஏத்தி இறக்கிப்போட்டு ஓட்டுறன். பஸ்ஸுக்கு ஏலுமெண்டால் பிஸ்டலுக்கு ஏலாதோ?"

கண்ணாடிக்காரர்

ஹர்ஷத் பாய் குஜராத்திக்காரர், கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு எடுத்தவர். அவருக்கும் அந்த இடத்தில் ஒரு கண். ஒரே மாதத்தில் மூன்று தரம் பிஸ்டலைக் கொண்டுவந்தார், குழல் நுனியில் குறி பார்க்கிற முள் வளைந்துவிட்டதாம். மூன்று தரமும் அளந்தேன். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. மூன்றாம் தரம் அளவுகோலை முள்ளோடு ஒட்டி வைத்து அவருக்கு முன்னால் தள்ளினேன். குனிந்து பார்த்தார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

சிவப்புப் புள்ளி தெரிகிற கண்ணாடி பூட்டிய பிஸ்டல் இருக்கிறது. வயதுபோன கண்ணுக்கு அது பெரிய சுகம். ஆனால் அது வேறு பிரிவு. எடுத்தால் அணியில் காலியாக இருந்த அந்த இடம் அவருக்கு இல்லை. அலுமாரிக்கு முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு அதைத்தான் எடுத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் வாய்த் தமிழில் சொல்லுறன்: "நாப்பது வருசமா மற்ற ஆக்களுக்கு வயசு போட்டுதெண்டு மெல்லமாச் சொல்லி அனுப்பினனான். எனக்கு அதைச் சொல்ல ஒரு இரும்பு அளவுகோல் வரவேண்டியிருந்தது."

கண்ணை மூடிப் பார்

ஆரும் தெரிவு செய்யத் தெரியாமல் நின்றால் பிரையனுக்கு ஒரு வழக்கம் உண்டு. சுவரில் தபால்தலை அளவில் ஒரு கடதாசி ஒட்டுவார். நேராகப் பார், இப்போது கண்ணை மூடு, மூடியபடியே பிஸ்டலை உயர்த்து, கண்ணைத் திற. குறிமுள் கடதாசியில் நின்றால் அது உன் கைக்கு ஏற்றது. மேலேயோ பக்கத்திலோ நின்றால், விலையும் வடிவும் எப்படி இருந்தாலும் அது இன்னொருவரின் கைக்குச் செய்தது.

மலருக்கு வெள்ளி நடுவில் நின்றது. கறுப்பும் நடுவில் நின்றது. பிரையன் தலையைச் சொறிந்தார். அந்தப் பிள்ளையின் முகம் வாடிப் போய்விட்டது. ஒன்றாவது பிழைத்திருந்தால் எவ்வளவு நிம்மதி.

அவள் போனபிறகு நான் பிரையனைக் கேட்டேன், நீ எந்தப் பிஸ்டலோடு பழகினாய் என்று. முந்தி, சட்டம் வருவதற்கு முன், அவரிடம் அசல் துவக்கு இருந்தது. எல்லாரையும் போல அதைக் கொண்டுபோய்ப் பொலிஸில் ஒப்படைத்தவர். அது சரியான சட்டம்தான் என்று அவரே சொல்லுவார். அதைச் சொல்லும்போதெல்லாம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டுதான் சொல்லுவார். அன்று வெறும் கையை இடுப்பிலிருந்து எடுத்து, கண்ணை மூடி, உயர்த்தி, திறந்தார். விரல் அந்தக் கடதாசியின் நட்டநடுவில் நின்றது. "துவக்கைத்தான் ஒப்படைக்கச் சொன்னாங்கள்," என்றார், "பழக்கத்தை எங்கை ஒப்படைக்கிறதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

குகனின் ஏழாவது

குகன் பாரிசில் பதினைந்து வருசம் இருந்துவிட்டு இங்கே வந்து, தமிழ்க் கடைகளுக்கு வான் வண்டியில் சாமான் இறக்குகிற மனிதர். நல்ல மனம், கையும் நல்ல கை. ஒரே ஒரு வருத்தம்: தன்னை ஆர் வென்றாலும் அவன் வைத்திருந்த பிஸ்டல் மாதிரி ஒன்றை அடுத்த கிழமை வாங்கிவிடுவார். அப்படி வாங்கி வாங்கி ஏழு. ஏழாவது ஒரு சின்னஞ்சிறிய பிஸ்டல், ஓகஸ்ட் வெயிலில் வாங்கியது. கடையில் சுட்டுப் பார்த்தபோது பொறி பறந்தது.

டிசம்பரில், கழகம் சுட்டுப் பழகுகிற மண்டபத்தில் ஹீட்டர் பழுது. குளிருக்குக் காஸ் சோர்ந்துபோகும், அதுவும் சின்ன மகசின் என்றால் கேட்கவே வேண்டாம். நான்காவது சூட்டில் 'புஸ்' என்று இருமியது. ஐந்தாவது குண்டு மூன்றடி தள்ளி விழுந்து உருண்டது. சனம் சிரிக்கிறது. குகன் மகசின்களைச் சுடுதண்ணிப் போத்தலோடு சோற்றுப் பைக்குள் வைத்துச் சூடாக்கிப் பார்த்தார், கக்கத்தில் வைத்தும் பார்த்தார். கடைசியில் என் மேசைக்கு வந்து ஏழையும் பரப்பிவிட்டு, ஒன்றைத் தவிர மற்றதெல்லாவற்றையும் விற்றுத் தரச் சொன்னார். வைத்துக்கொண்டது முதன்முதலில் வாங்கிய பழசு. போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "ஆவணியிலை வாங்கேக்கை இது மார்கழிக்குத் தாங்குமோ எண்டு கேக்காதது என்ரை பிழை, அண்ணை. சொல்லாதது உங்கடை பிழை."

முதுகைக் காட்டிக் கேட்டது

ஒன்றே ஒன்றோடு நின்ற குகன் ஆறு கிழமையில் வேறு ஆளாகிவிட்டார். நான் மண்டபத்து மூலையில் இருந்து மகசின் திருத்திக்கொண்டே கேட்பேன். உருவல், டக்டக், திரும்பல், டக்டக். எங்கேயும் ஒரு இடறல் இல்லை. மலரும் அதைக் கேட்டாள். அந்த இடத்துக்கு இனி தன்னோடு நிற்கப்போவது ஆர் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் முன்பே வந்தாள். "மாமா, அங்காலை திரும்பி இருங்கோ. எதாலை சுடுறன் எண்டு சொல்லமாட்டன். என்ன கேக்குதெண்டு மட்டும் சொல்லுங்கோ." நான் சுவரைப் பார்த்து இருந்தேன். நாலு தரம் சுட்டாள்.

"முதலாவதிலையும் நாலாவதிலையும் சுட்டுப்போட்டு உன்ரை சப்பாத்து நிக்குது," என்றேன். "பட்டுதோ எண்டு பாத்துப்போட்டுத்தான் பிறகு நடக்கிறாய். நடுவிலை ரெண்டு தரமும் சப்பாத்துச் சத்தம் நிக்கேல்லை."

திரும்பிப் பார்த்தேன். முதலாவதும் நாலாவதும் வெள்ளி. அட்டையில் வெள்ளி போட்ட துளைகள்தான் வடிவாக, கிட்டக்கிட்ட இருந்தன. ரெண்டு அட்டையையும் நிலத்தில் வைத்து, அதற்கு முன்னால் குந்தியிருந்து கனநேரம் பார்த்தாள். பிறகு எழும்பி வெள்ளியைத் துடைத்தாள். நகையைத் துடைக்கிற மாதிரித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். "வெள்ளியை எனக்கு நல்ல விருப்பம், மாமா. விருப்பமான சாமானை ஆரும் நிண்டு பாப்பினம்தானே. போட்டியிலை நிண்டு பாக்க நேரம் இல்லை."

தெரிவு நாள்

மார்ச்சில் ஒரு ஞாயிறு. முதல் சுற்றுகளில் மலரும் குகனும் சமமாகப் போனார்கள். மலர் கறுப்போடு. கை குளிருகிறதென்று கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். குகனின் முறை வரும்போது நான் வழமைபோலக் குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். டக். சின்ன இடைவெளி. டக். பிறகு சப்பாத்து நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். குகனின் கையில் வெள்ளி. அதே மாதிரி வேறொன்று இல்லை, அதேதான். பிடியில் நான் போட்ட திருகாணி எனக்குத் தெரியாதோ. அது சரிவரவில்லை என்று அடுத்த சுற்றுக்குத் தன் பழசை எடுத்தார். வெள்ளியின் பாரத்துக்குப் பிறகு அது இப்போது கைக்குப் பாரம் குறைந்துவிட்டது. குறி மேலே போனது. திரும்ப வெள்ளி. திரும்பப் பழசு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒரே தகட்டுக்கு மூன்று தரம் சுட்டார்.

பின்னேரம் பிரையன் மலரின் பெயரை வாசித்தார். நாங்கள் கைதட்டி முடிக்கும்வரைகூட அவள் நிற்கவில்லை. டிப்போவுக்கு ஃபோன் எடுக்கிறேன் என்று வெளியே ஓடினாள், கண் கலங்கித்தான் ஓடினாள். குகன் என் பக்கத்துக் கதிரையில் வந்து விழுந்தார். மனிதருக்கு ஒரு கோபமும் இல்லை. மடியில் வெள்ளியை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். உது உமக்கு எங்காலை என்று கேட்டேன்.

"போன மாசம் என்ரை பிறந்தநாளுக்கு மலர் தந்தவ, அண்ணை. 'எனக்கு ஒண்டு காணும், நீங்கள் ஆசைப்பட்டது தெரியும், வைச்சிருங்கோ' எண்டு ரிப்பன் கட்டித் தந்தவ. எவ்வளவு நல்ல பிள்ளை, பாருங்கோ."

சரியான பிஸ்டலைத் தேடி நாங்கள் எல்லாரும் ஒரு வருசம் அலைந்தோம். மலர் ஒருத்திதான் மற்றப் பிஸ்டலுக்கும் சரியான கையைத் தேடிப் பிடித்து, ரிப்பனும் கட்டிக் கொடுத்தவள்.