பதினேழாம் நம்பர் சட்டையின் வாடை

லியோன்டீன் கிட்ரியின் மூக்கைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். பந்தைக் கையால் எறிந்து ஆடுகிற எங்கள் கல்லூரி ஃபுட்பால் அணியின் சலவை அறையில் இருபத்தேழு வருஷம் வேர்வைத் துணி துவைத்தவள். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் நம்பர் போட்ட ஒரு வார் உண்டு. பயிற்சி முடிந்ததும் பனியன், காற்சட்டை, காலுறை எல்லாவற்றையும் அதில் கோத்துப் பூட்டித் தொட்டியில் வீசிவிட்டுப் போவான். கோத்தபடியே வெளுத்து, காய்ந்து, மறுநாள் காலையில் அவன் அலமாரிக்கு வந்துவிடும். லியோன்டீனுக்கு நம்பரே வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை மோந்துவிட்டு, "இது அந்த வெங்காயந்தின்னி அறுபத்தாறு" என்பாள். பார்த்தால் அறுபத்தாறாகத்தான் இருக்கும்.

கரும்பாலைக்குப் பக்கத்தில் எட்டுப் பிள்ளைகளில் ஆறாவதாகப் பிறந்தவள். அணியின் பேருந்தை ஓட்டிய அல்சீடைக் கட்டிக்கொண்டு அந்த வேலைக்கு வந்தாள். சொந்தமாகப் பிள்ளை இல்லை. "எனக்கா பிள்ளை இல்லை? வருஷத்துக்கு எண்பது தடியனுங்க!" என்பாள். அவர்களைத் திட்டாத நாள் கிடையாது. திட்டு வாங்காத நாளில், மிஸ் லியோன்டீனுக்கு உடம்பு சரியில்லையோ என்று பையன்களே வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

அந்த மார்ச்சில் கூடைப்பந்துப் பிள்ளைகளைக் கடைசிப் போட்டிக்குக் கூட்டிப்போய்த் திரும்பினான் அல்சீட். வந்து ஒரு வாரம் ஆனபின் ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தான். இறாலும் வெண்டைக்காயும் போட்டுக் கொதிக்கவைத்த கம்போ சாற்றை இரண்டு கரண்டி குடித்துவிட்டு, "ஷா, கண்ணு, இதுல இன்னிக்கு ஒண்ணுமே இல்லையே. வெந்நீர் குடிக்கிற மாதிரி இருக்கு" என்றான்.

எங்கள் பக்கத்துப் பொம்பளையிடம் வேறு எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அவள் கம்போவை மட்டும் குறை சொல்லக்கூடாது. லியோன்டீனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டாள். "இப்ப?" என்றாள். "ஊஹூம்" என்றான். காரச் சாறு பாட்டிலைக் கவிழ்த்தாள். அவன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராமல் கிண்ணத்தைக் காலி பண்ணினான்.

"முப்பத்தொரு வருஷமா என் கையால தின்னுட்டு, இப்பத்தான் உன் நாக்கு செத்துப்போச்சா?" என்று கேட்டாள்.

"சைனஸ்டி, வேற ஒண்ணுமில்ல" என்றான் அவன்.

இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனுக்கு மூச்சு இரைத்தது. பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கைபேசியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். உள்ளே யாரையும் விடாததால் இவள் வீட்டுச் சமையலறையில் நின்றபடி பார்த்தாள். ருசி போனால் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அவளுக்குத் தெரிந்தபோது அவனைப் புதைத்து ஆறு நாள் ஆகியிருந்தது.

மூடிக் கிடந்த கல்லூரிக்கு ஜூலையில் பையன்கள் திரும்பினார்கள், அவளும் சலவை அறைக்குத் திரும்பினாள். துணி காயவைக்கும் மூன்றாம் நம்பர் உலர்த்தியில் ஏதோ கழன்றுபோய், சுற்றும்போதெல்லாம் இரண்டு தரம் இருமி ஒரு தரம் இழுத்தது. அசல் அல்சீடின் கடைசி நாள் இருமல். ஒவ்வொரு தடவையும் கை வேலையை விட்டுத் திரும்பிப் பார்ப்பாள். "மெக்கானிக்கை வரச் சொல்லட்டுமா?" என்று உபகரண அறைக்காரர் கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டாள். பயமாகவும் இருந்தது, விடவும் மனசு வரவில்லை.

ஊரில் அப்போது ஒரே பேச்சுத்தான். இந்த வருஷம் ஆட்டம் உண்டா, இல்லையா? பெரிய கல்லூரிகள் ஒவ்வொன்றாகக் கையை விரித்துக்கொண்டிருந்தன. முடிவெட்டும் கடையில் முகமூடியைத் தாடையில் மாட்டிக்கொண்டு அதைத்தான் பேசினார்கள். தேவாலய வாசலில் ஆறடி தள்ளி நின்று அதையே கத்திப் பேசினார்கள். எங்கள் கல்லூரி, ஆடுவோம் என்று சொல்லிவிட்டது. செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை முதல் ஆட்டம்.

கோச் ஹார்க்ரோவ் எல்லாரையும் மைதானத்தில் தள்ளித்தள்ளி உட்காரவைத்துப் பேசினார். "ஒருத்தனுக்குக் கொரோனா வந்தாலும் அவன்கூட உடை மாத்துற அறையில இருந்த எல்லாரும் பதினாலு நாள் தனியா அடைஞ்சு கிடக்கணும். அப்புறம் சீசனே கிடையாது, மேலிடம் இழுத்து மூடிடும். புரியுதா?" புரிந்தது. அதற்கப்புறம் தும்மல் வந்தால்கூடப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினார்கள்.

ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை புயல் மழையில் கரண்ட் போயிற்று. துவைத்த துணி அப்படியே மெஷினுக்குள் மாட்டிக்கொண்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தப் புழுக்கத்தில் ஊறிக் கிடந்தது. திங்கள் விடியற்காலைதான் கரண்ட் வந்தது, ஏழு மணிக்குப் பயிற்சி. திரும்பத் துவைக்க நேரமில்லை. இருபத்தேழு வருஷத்தில் செய்யாததை அன்றைக்குச் செய்தாள். புளித்த துணியை அப்படியே உலர்த்தியில் போட்டு எடுத்து அலமாரிகளில் மாட்டிவிட்டாள்.

அடேயப்பா, என்ன ஆர்ப்பாட்டம்!

"மிஸ் லியோன்டீன்! உள்ள எலி ஏதும் செத்துக் கிடக்கா?"

"எலியா? முதலைடா! நாலு நாள் ஆயிருக்கும்!"

"எதிர் டீமுக்கு இதைப் போட்டு அனுப்புங்க, ஆடாமலே ஜெயிச்சிரலாம்!"

"ரொம்பத்தான் அலட்டாதீங்கடா. உங்க அக்குளைவிட இது தேவலை" என்று அவளும் வாசலில் நின்று பதிலுக்குக் கத்தினாள். நாற்பது பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறார்கள். மூலையில் பதினேழாம் நம்பர் கெண்ட்ரிக் ஆர்சனோ தன் பனியனை நிதானமாகத் தலைவழியே மாட்டினான். அணிக்காகப் பந்து எறிகிறவன். நான்காம் வருஷம். முதல் ஆட்டத்தில் அவனைப் பார்த்து எடைபோட, சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை எடுக்கும் பெரிய அணியிலிருந்து ஆள் வருவதாக இருந்தது.

"ஏன்டா கத்துறீங்க? எப்பவும் போல நல்லாத்தானே மணக்குது" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் லியோன்டீனுக்கு ஐஸ் வைக்கிறான் என்று ஒருத்தன் அவன் முதுகில் அறைந்தான். உள்ளே மூன்றாம் நம்பர் உலர்த்தி இரண்டு தரம் இருமி ஒரு தரம் இழுத்தது.

பயிற்சிக்குப் போகிறவனைக் கதவருகே மறித்து, ஒரு காலுறையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாருடா."

"எதுக்கு மிஸ் லியோன்டீன்?"

"மோந்து பாருன்னா பாரு."

மோந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். எந்தப் பதில் சரி என்று தேடுகிறான் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சோப்பு வாசனை?" என்றான்.

"எத்தனை நாளா?"

"வியாழக்கிழமையிலேர்ந்து. சைனஸ்தான் மிஸ் லியோன்டீன், வேற ஒண்ணுமில்ல."

அதே வார்த்தை. அவனுக்குப் பின்னால் நடைவழி வெறிச்சென்று இருந்தது. ஆனாலும் அங்கே அல்சீட் கிண்ணத்தோடு நிற்கிறான் என்றே அவளுக்குப் பட்டது.

"நீங்க சொன்னா எல்லாம் போச்சு. நான் மட்டுமில்ல, அத்தனை பேரும்" என்றான் கெண்ட்ரிக். பனைமரம் மாதிரி வளர்ந்தவன், குரல் உடைந்துபோயிற்று. "ஒரே ஒரு ஆட்டம். அதுக்கப்புறம் நானே போய்ச் சொல்லிடறேன். உங்க பிள்ளையா நினைச்சுக்கங்க."

"அப்படி நினைச்சதாலதான்டா போறேன்" என்றாள். போகும்போது அழுதாள். முகமூடி நனைந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது.

கோச் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. "காலுறையை மோந்து பார்க்கச் சொன்னீங்க, அவனுக்கு நாத்தம் தெரியல. அதனால நான் பயிற்சியை நிறுத்தணும். மிஸ் லியோன்டீன், நீங்க எப்ப டாக்டர் ஆனீங்க?"

"ஏப்ரல்ல" என்றாள்.

அல்சீட் ஓட்டிய பேருந்தில் முன் இருக்கை கோச்சுடையது. பதினாறு வருஷம் இருவரும் ஊர்க்கதை பேசிக்கொண்டே போனவர்கள். அவள் அங்கேயே நின்றாள். அவர் தொலைபேசியை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டார்.

வியாழக்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. கெண்ட்ரிக்கோடு சேர்த்துப் பதினொரு பேருக்கு நோய். வெள்ளிக்கிழமை கல்லூரி சீசனை ரத்து செய்தது.

ஊர் அவளை மன்னிக்கவில்லை. அவள் கார் கண்ணாடியில் யாரோ சோப்பால் "சந்தோஷமா?" என்று எழுதிவைத்தார்கள். மளிகைக் கடையில் பில் போடும் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டே சாமானைத் தள்ளினாள். பையன்கள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்தப் பதினொரு பேரும் தாங்களாகவே தேறியிருப்பார்களோ, நான்தான் பேய் பிடித்தவள் மாதிரி ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேனோ என்று அவளே பல தடவை தன்னைக் கேட்டுக்கொண்டாள். அல்சீட் மட்டும் போகவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மேஜையில் அவன் இருந்தான்.

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை, ஆட்டம் தொடங்கியிருக்க வேண்டிய நேரத்துக்குத் தொலைபேசி அடித்தது.

"துணி துவைக்கிற லியோன்டீன் நீங்கதானா? நான் வெல்மா. கெண்ட்ரிக்கோட அம்மா."

"சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல? நல்லா இருப்பீங்களா நீங்க? ஆறு வயசிலேர்ந்து அந்தப் பந்தைக் கையிலேர்ந்து கீழ வைக்காத பிள்ளை. இன்னிக்கு அந்த ஆளு வந்து பார்த்திருப்பாரு. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்ன கொள்ளை போச்சு உங்களுக்கு? நாலு நாள் காய்ச்சல் அடிச்சு, இப்ப எழுந்து உக்கார்ந்து சுவத்தையே முறைச்சுக்கிட்டிருக்கான். இதைப் பார்க்கத்தான் பெத்தேனா?"

வெல்மா மூச்சு விடாமல் திட்டினாள். நடுவில், அந்தப் பக்கம் தூரத்தில், ஓர் ஆண்குரல் கேட்டது. கட்டைக் குரல், சளி கட்டிய குரல்.

"அம்மா! என் சார்ஜரை எங்க வச்சே?"

லியோன்டீன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"லைன்ல இருக்கீங்களா? நான் பாட்டுக்குக் கத்திக்கிட்டிருக்கேன், ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறீங்க!" என்றாள் வெல்மா.

"இருக்கேம்மா. பிள்ளை சார்ஜர் கேக்குறான் பாரு, போய் எடுத்துக் குடு. குடுத்துட்டு வந்து திட்டு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் திட்டு, நான் போனை வைக்க மாட்டேன்."