திரையில் தெரியாத எழுத்துகள்

“நான் என்ன அடிக்கிறேன்னு நீ பாக்கக் கூடாது,” என்றார் மாமா. “நானும் உங்கக்காவும் கூப்பிட்டுக்கிட்ட பேரெல்லாம் இருக்கு. மானம் போயிடும்.”

“உங்க கண்ணுக்கே தெரியாது மாமா,” என்றேன்.

இது நடந்தது. நடந்த வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். நம்பாதவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

அக்கா இறந்து மூன்று மாதம். அவள் லேப்டாப்பில் பூட்டிய ஃபோல்டர் ஒன்று. ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவள் பேசிப் பதிவு செய்தது அதற்குள் இருக்கிறது. அவள் கணவருக்கு, என் மாமாவுக்கு, அந்தக் குரல் வேண்டும். அதற்காக ஒரு சின்ன கணினி ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். ‘கடவுச்சொல்:’ என்று கேட்கும். அடிப்பது திரையில் தெரியாது, ஒரு புள்ளிகூட வராது. தவறென்றால் மறுபடி கேட்கும்.

இரண்டு விஷயங்களை அவரிடம் மறைத்தேன். அவர் அடிப்பதெல்லாம் அடுத்த அறையில் என் திரைக்கு வந்துவிடும்படி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்திருந்தேன். இன்னொன்று, கடவுச்சொல் எனக்குத் தெரியும். அக்காவே என் காதில் சொன்னாள். மாமாவிடம் சொல்லிவிடச் சொன்னாள்.

சொல்லவில்லை. மூச்சு முட்டிய அன்று அவள் முதலில் கூப்பிட்டது என்னைத்தான். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தில், பனி பெய்யும் ஏதோ ஊரில் இருந்தேன். முடித்துவிட்டுப் பேசலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்தப் பதிவில் இதைச் சொல்லியிருந்தால்? மாமா கடவுச்சொல்லை நெருங்குகிறாரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மாலை 4.10. வரத் தொடங்கின. மகளின் செல்லப்பெயர். கல்யாண நாள். செத்துப்போன பூனையின் பெயர். ‘கோவக்காரி’. சிரிப்பு வந்தது. உடனே கூச்சமாக இருந்தது.

4.32. வெற்று வரி. எதுவும் அடிக்காமல் என்டரை மட்டும் தட்டியதுபோல.

இன்னொன்று.

களைத்துவிட்டார் போலும் என்று நினைத்தேன். அப்போது சமையலறையில் மாமா தும்மினார்.

சமையலறையில்...

பக்கத்து அறையில் டக். டக்.

எடு

எடு

எடு



எடுடி

என்னை ‘டி’ போட்டுக் கூப்பிட ஒருத்திதான் இருந்தாள்.

எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன். நாற்காலி காலி. லேப்டாப் திரை கறுப்பு.

திரும்பி ஓடி வந்தேன். என் திரையில் இன்னொரு வரி.

கடவுச்சொல்.

ஓர் எழுத்துப் பிசகாமல்...

அதை அழித்தேன். ஆமாம், அப்போதும் அழித்தேன்.

மாமா சார்ஜரோடு வந்தார். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால்வரை தேடினாராம். நாலரைக்கு முன்பே பேட்டரி தீர்ந்து லேப்டாப் அணைந்துவிட்டதாம்.

செருகினார். திரை விழித்தது. ‘கடவுச்சொல்:’

நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

“எனக்கு வரல. அவ உன்கிட்டதான் எல்லாம் சொல்லுவா. நீ ஒரு தடவ அடிச்சுப் பாரேம்மா.”